விக்டோரியா துறைமுகத்தை வரைந்தவர்: ஃபிரான்சிஸ் ராட்டன்பரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவர் தீவின் தென்முனையில் இருக்கிறது விக்டோரியா. பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தலைநகர். அந்த ஊருக்குப் போய் வந்தவர்களின் போனைத் திறந்தால் முதலில் வருகிற படம் பெரும்பாலும் ஒன்றுதான்: சின்னத் துறைமுகம், அதன் தென்கரையில் பச்சைக் குவிமாடத்தோடு சட்டமன்றம், கிழக்குக் கரையில் கோட்டை மாதிரி எம்ப்ரஸ் என்ற ஹோட்டல். இரண்டையும் வரைந்தவர் ஒரே ஆள். அவர் பெயரைச் சொன்னதும் சிலர் கட்டடத்தைப் பற்றிக் கேட்பார்கள், பலர் கொலையைப் பற்றிக் கேட்பார்கள். இரண்டு வகைக் கேள்விக்கும் இங்கே பதில் வைத்திருக்கிறேன். என்னைக் கவர்ந்தவை அவருடைய கட்டடங்கள், அதனால் அவற்றைப் பற்றித்தான் அதிகம் பேசியிருக்கிறேன்.

இவர் யார், எந்த ஊர்க்காரர்?

முழுப்பெயர் ஃபிரான்சிஸ் மாஸன் ராட்டன்பரி. 1867 அக்டோபர் 11-ல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பிறந்தார். தாய்மாமன்கள் பக்கத்து ஊரான பிராட்ஃபோர்டில் பெயர்பெற்ற கட்டடக்கலைஞர்கள். லாக்வுட் அண்ட் மாஸன் என்ற அவர்களுடைய நிறுவனம்தான் பிராட்ஃபோர்டின் நகரமன்றத்தையும், சால்டேர் என்ற ஆலைக் கிராமத்தையும் கட்டியது. இளைஞர் ராட்டன்பரி மாமன் அலுவலகத்தில் தொழில் பழகினார். அப்போது கல்லூரிக்குப் போய்ப் பட்டம் வாங்குவதைவிட இப்படி ஒரு அலுவலகத்தில் உட்கார்ந்து வரைந்து வரைந்து கற்பதுதான் வழக்கம். 1892-ல் கப்பலேறிக் கனடாவுக்கு வந்து வான்கூவரில் பெயர்ப்பலகை மாட்டினார்.

25 வயதுப் பையனுக்குச் சட்டமன்றம் கட்டுகிற வேலை எப்படிக் கிடைத்தது?

போட்டியில் ஜெயித்தார்.

விக்டோரியாதான் தலைநகர், ஆனால் அந்தச் சமயத்தில் அதற்கு ஒரு பயம் இருந்தது. கனடியன் பசிபிக் ரயில்பாதை 1887-ல் வான்கூவர் வரை வந்து முடிந்தது. ரயில் வந்த ஊர் கிடுகிடுவென்று வளர்ந்தது. தீவில் இருந்த விக்டோரியாவோ கப்பலில் போக வேண்டிய ஊர். தலைநகரமே இடம் மாறிவிடுமோ என்ற பேச்சு எழுந்தது. மாற்ற முடியாதபடி பெரிதாக ஒன்றைக் கட்டிவிட்டால் அந்தப் பேச்சு அடங்கும் என்று அரசாங்கம் நினைத்தது. 1859-ல் கட்டிய பழைய அலுவலகங்களை ஊரார் 'பறவைக்கூண்டுகள்' என்று அழைத்தார்கள். பார்க்கவும் அப்படித்தான் இருந்தன.

1892-ல் போட்டி அறிவித்தார்கள். வரைபடங்களில் சொந்தப் பெயர் இருக்கக் கூடாது, புனைபெயர்தான் போட வேண்டும் என்பது விதி. ராட்டன்பரி போட்ட புனைபெயரைக் கவனியுங்கள்: 'ஒரு பி.சி. கட்டடக்கலைஞர்' (பி.சி. என்றால் பிரிட்டிஷ் கொலம்பியா). மாகாணத்துக்கு வந்து சில மாதமே ஆனவர், நான் உள்ளூர்க்காரன் என்று நடுவர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் காதில் போட்டுவிட்டார். 60-க்கும் மேற்பட்ட வரைபடங்கள் வந்தன. அதிலிருந்து ஐந்தைத் தேர்ந்தெடுத்து, அந்த ஐந்து பேரையும் மறுபடி விரிவாக வரையச் சொன்னார்கள். 1893 மார்ச்சில் முடிவு வந்தபோது ஜெயித்தது அவர்.

பொய் சொல்லித்தானே வேலை வாங்கினார்?

இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது, நியாயமான கேள்விதான். வான்கூவர் பத்திரிகையில் அவரைப் பற்றி வந்த அறிமுகம், லாக்வுட் அண்ட் மாஸனோடு சேர்ந்து பத்து வருடமாக எல்லா வகைக் கட்டடங்களையும் எழுப்பியவர் என்றது. லாக்வுட் 1878-லேயே இறந்துவிட்டார். அப்போது நம்மவருக்கு வயது 10. பிராட்ஃபோர்டு நகரமன்றம் திறந்தபோது இவருக்கு 5 வயது. ஆக, பத்து வருட அனுபவம் என்பது பெரிதாக ஊதிய கணக்கு. இதை மூடி மறைக்க நான் விரும்பவில்லை.

ஆனால் போட்டியில் வென்றது அந்த அறிமுகத்தால் அல்ல. வரைபடத்தில் பெயரே கிடையாது என்றேன் அல்லவா? நடுவர்கள் பார்த்தது காகிதத்தைத்தான். சுமார் 150 மீட்டர் நீள முகப்பு, நடுவில் பெரிய குவிமாடம், இரண்டு பக்கமும் துணைக் கட்டடங்கள், எல்லாவற்றையும் கோத்துக் கட்டும் வளைவுகள். மாமன் அலுவலகத்தில் பழகிய கை அது. யார்க்‌ஷயர் நகரமன்றங்களைப் பார்த்து வளர்ந்த ஒருவனுக்கு, அரசாங்கக் கட்டடம் என்றால் தூரத்திலிருந்து எப்படித் தெரிய வேண்டும் என்ற கணக்கு கைவந்திருந்தது. அனுபவத்தைப் பற்றிச் சொன்னதில் உண்மை குறைவு. காகிதத்தில் வரைந்ததோ அசல் சரக்கு.

கட்டும்போது சண்டை நடந்ததாமே?

நிறைய. முதலில் பணம். 5 லட்சம் டாலர் என்று போட்ட எஸ்டிமேட், முடிக்கும்போது சுமார் 9 லட்சத்து 23 ஆயிரம் டாலரில் நின்றது. ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் காலத்துச் சின்ன மாகாணம் ஒன்றுக்கு இது எவ்வளவு பெரிய சுமை என்று யோசித்துப் பாருங்கள். எதிர்க்கட்சிக்காரர்களும், தலைநகர் தங்கள் பக்கம் வர வேண்டும் என்று விரும்பிய, தீவுக்கு வெளியே வான்கூவர் பக்கத்துப் பெருநிலக்காரர்களும் சும்மா விடவில்லை.

அடுத்தது கல். முகப்புக்கான கல் ஹாடிங்டன் என்ற குட்டித் தீவிலிருந்து வந்தது. வான்கூவர் தீவின் வடகோடிக்குப் பக்கத்தில், விக்டோரியாவிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது அது. அங்கே வெட்டி, படகில் ஏற்றி, கடல் வழியாகக் கொண்டுவர வேண்டும். கல்வேலைக்குக் காண்ட்ராக்ட் எடுத்தவர் ஃபிரெடரிக் ஆடம்ஸ். கல்லின் தரம், கூடுதல் வேலைக்கான பணம் என்று அவருக்கும் ராட்டன்பரிக்கும் இழுபறி. ராட்டன்பரி இந்த விஷயத்தில் வளைந்து கொடுக்கிற ஆள் இல்லை. 1895 மார்ச்சில் ஆடம்ஸ் குவாரிக்குக் கிளம்பினார். அவர் ஏறிய வேலோஸ் என்ற படகு ஊரைத் தாண்டிய கொஞ்ச தூரத்திலேயே கொந்தளிப்பில் சிக்கி உடைந்தது. ஆடம்ஸும் கூடப் போனவர்கள் சிலரும் இறந்தார்கள். அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கும்போது இவர்களையும் நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். வரைந்தவர் பெயர்தான் எல்லோருக்கும் தெரிகிறது. கல் கொண்டுவரப் போய்க் கடலில் போனவர்களின் பெயரை யாரும் சொல்வதில்லை.

அந்தக் கட்டடத்தில் கிட்டப் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது?

கல்லிலிருந்தே ஆரம்பியுங்கள். ஹாடிங்டன் கல் எரிமலைப் பாறை வகை, ஆண்டசைட் என்பார்கள். வெளிர் சாம்பலும் பழுப்பும் கலந்த நிறம். மழை நாளில் கொஞ்சம் கறுக்கும், வெயிலில் மஞ்சள் பூத்தாற்போல் தெரியும். உளிக்கு இடம் கொடுக்கும், ஆனால் எளிதில் பொரியாது. அதனால்தான் நுழைவாயில் வளைவைச் சுற்றிச் செதுக்கிய இலைகளின் ஓரம் இன்றும் கூர்மையாக இருக்கிறது. அடிப்பகுதியில் நிறமும் மணியும் மாறுவதைக் கவனிக்கலாம். அது நெல்சன் தீவுக் கருங்கல். கூரைக்கான பலகைக்கல் ஜெர்விஸ் இன்லெட் பக்கத்திலிருந்து வந்தது. கண்ணில் படுகிற முக்கியமான கல்லெல்லாம் அந்த மாகாணத்து மண்ணில் எடுத்ததுதான். இங்கிலாந்திலிருந்து வந்த இளைஞர் இங்கிலாந்துக் கல்லைக் கேட்காமல் உள்ளூர்க் கல்லில் கட்டியதை நான் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

அப்புறம் தலையை நிமிர்த்துங்கள். செம்புத் தகடு வேய்ந்த குவிமாடம் காற்றுபட்டுப் பச்சையாகியிருக்கும். அதன் உச்சியில் தங்கப்பூச்சோடு நிற்பது, 1792-ல் இந்தக் கரையை அளந்து வரைபடம் போட்ட கப்பல் தலைவர் ஜார்ஜ் வான்கூவர். பெரிய குவிமாடத்தைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் குவிமாடங்கள், எண்ணினால் முப்பதைத் தாண்டும்.

இருட்டும் நேரத்தில் போனால் இன்னும் நல்லது. கட்டடத்தின் விளிம்பு முழுக்க 3,000-க்கும் மேற்பட்ட பல்புகள். விக்டோரியா அரசியின் ஆட்சியின் 60-ஆம் ஆண்டு விழாவுக்காக 1897-ல், கட்டடம் முறைப்படி திறப்பதற்கு முன்பே, முதன்முதலில் விளக்கேற்றினார்கள். வீட்டுக்கு வீடு மின்சாரம் வராத காலம் அது. துறைமுகத்துக்கு வந்த கப்பலிலிருந்து பார்த்தவர்களுக்கு, ஒரு கட்டடத்தை யாரோ நெருப்புக் கோட்டால் இருட்டில் வரைந்த மாதிரி இருந்திருக்கும். முறையான திறப்பு விழா 1898 பிப்ரவரி 10-ல் நடந்தது.

அந்த நிலம் யாருடையது?

லெக்வுங்கன் என்ற பூர்வகுடி மக்களுடையது. துறைமுகத்தைச் சுற்றியிருக்கிற கரை முழுவதும் அவர்கள் வாழ்ந்த இடம். கட்டடத்தின் அழகைப் பேசும்போது இதை விட்டுவிடக் கூடாது.

கட்டடக்கலைஞருக்கு நீராவிப் படகு எதற்கு?

இவருக்குக் கட்டடம் மட்டும் போதவில்லை. கனடாவின் வடமேற்குக் கோடியில் இருக்கிற க்ளாண்டைக்கில் தங்கம் கிடைத்ததும் ஆயிரக்கணக்கானோர் வடக்கே ஓடினார்கள். ராட்டன்பரி தங்கம் தோண்டப் போகவில்லை, தோண்டப் போகிறவர்களை ஏற்றிச் செல்லக் கம்பெனி ஆரம்பித்தார். பென்னட் ஏரியிலிருந்து யூகான் ஆற்றில் ஓட ஓரா, நோரா, ஃபுளோரா என்று மூன்று நீராவிப் படகுகள். 1898-ல் ஃபுளோரன்ஸ் நன்னைக் கல்யாணம் செய்துகொண்டு, தேனிலவையே அந்த வடக்குப் பயணத்தோடு சேர்த்துக்கொண்டார். ஆனால் 1900-ல் வைட்பாஸ் ரயில் ஒயிட்ஹார்ஸ் வரை வந்து சேர்ந்தது, படகுக்கு வேலை குறைந்துவிட்டது.

இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், இந்த ஆளைப் புரிந்துகொள்ள இது உதவும். வளரப்போகிற இடம் எது என்று மோப்பம் பிடித்து, மற்றவர்களுக்கு முன்னால் போய் நிற்பது அவர் சுபாவம். சட்டமன்றத்தில் அது பலித்தது. பிற்பாடு அதுவே அவரைக் கவிழ்த்தது.

எம்ப்ரஸ் ஹோட்டல் சேற்றின் மேல் நிற்கிறது என்பது உண்மையா?

உண்மை. இன்று ஹோட்டல் இருக்கிற இடத்தில் அன்று ஜேம்ஸ் பே என்ற சிறு குடாவின் சேற்றுத்திட்டு இருந்தது. தண்ணீர் வடிந்தால் நாற்றம். குறுக்கே ஒரு மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டுக் கல்சுவர் எழுப்பி, பின்பக்கத்தை மண் கொட்டித் தூர்த்து, அதன்மேல் ஹோட்டல் கட்ட முடிவானது. தூர்த்த மண்ணில் சாதாரண கடைக்கால் நிற்காது. அதனால் நீண்ட டக்ளஸ் ஃபிர் மரங்களை ஆயிரக்கணக்கில் அடித்து இறக்கினார்கள். காற்றுப் படாமல் ஈரத்திலேயே இருக்கிற வரை அந்த மரம் உளுத்துப் போகாது.

கட்டியது கனடியன் பசிபிக் ரயில் கம்பெனி. ராட்டன்பரி அதன் மேற்குப் பகுதிக் கட்டடங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக் கோட்டைகளைப் போல செங்குத்தான கூரை வைத்து ஹோட்டல் கட்டுவது அந்தக் கம்பெனியின் அடையாளம். கியூபெக்கில் இருக்கிற ஷாட்டோ ஃபிரான்டெனாக்கைப் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். 1908 ஜனவரி 20-ல் எம்ப்ரஸ் திறந்தது.

ஆனால் திறப்பு விழாவின்போது அவர் அந்த வேலையில் இல்லை. உள்வேலைகளை எப்படிச் செய்வது என்பதில் கம்பெனி ஆட்களோடு மோதி, அதற்கு முன்பே விலகிவிட்டார். தான் வரைந்ததில் மற்றவர் கைவைப்பது அவருக்குப் பொறுக்காது. விலகியவர் சும்மா இருக்கவில்லை, போட்டிக் கம்பெனியான கிராண்ட் டிரங்க் பசிபிக் ரயில்வேயில் சேர்ந்துகொண்டார். இன்று நாம் பார்க்கிற எம்ப்ரஸின் நடுப்பகுதிதான் அவருடையது. இரண்டு பக்கச் சிறகுகளும் பிற்பாடு மற்றவர்கள் சேர்த்தவை.

வேறு என்னென்ன கட்டினார்?

மாகாணம் முழுக்க இருக்கிறது. நனைமோவிலும் நெல்சனிலும் நீதிமன்றங்கள். விக்டோரியா கவர்ன்மென்ட் தெருவில் பாங்க் ஆஃப் மான்ட்ரியல், இப்போது அது ஒரு ஐரிஷ் மதுக்கூடம். சாமுவேல் மக்ளூர் என்ற இன்னொரு நல்ல கட்டடக்கலைஞரோடு சேர்ந்து 1903-ல் முடித்த ஆளுநர் மாளிகை 1957-ல் எரிந்துபோனது. விக்டோரியாவை ஒட்டிய ஓக் பே என்ற ஊரில் கடலோரமாகத் தனக்கென்று கட்டிய வீடு இன்று பள்ளிக்கூடம். 1913-ல் அதே ஓக் பேயின் ஊர்த்தலைவராகவும் இருந்தார்.

இவற்றில் பெரியது வான்கூவர் நீதிமன்றம். 1906-ல் தொடங்கி 1911-ல் முடிந்தது. கிரேக்கக் கோயிலைப் போல் தூண் வரிசை, அகலமான படிக்கட்டு, இரண்டு பக்கமும் கல் சிங்கங்கள். 1983-லிருந்து அது வான்கூவர் கலைக்கூடம். வான்கூவரில் இருப்பவர்கள் அந்தப் படிக்கட்டை எத்தனையோ முறை கடந்திருப்பார்கள், யார் கட்டியது என்று தெரியாமலே.

அவருடைய பாணி என்று ஒன்று உண்டா?

சட்டமன்றத்துக்கு ரோமானிய வளைவு, ரயில் ஹோட்டலுக்குப் பிரெஞ்சுக் கோட்டை, நீதிமன்றத்துக்குக் கிரேக்கத் தூண், தன் வீட்டுக்கு ஆங்கிலக் கிராமத்து மரச்சட்டம். வேலை கொடுக்கிறவர் எப்படித் தெரிய ஆசைப்படுகிறாரோ அந்த உடையைத் தைத்துக் கொடுத்தார். இதனாலேயே சில விமர்சகர்கள் அவரைக் குறைத்துப் பேசுவார்கள். அதே காலத்தில் சிகாகோவில் கட்டடக்கலை புதுப்பாதை போட்டுக்கொண்டிருந்தது என்பது சரிதான்.

நான் அவரிடம் பார்க்கிறது வேறு. கட்டடத்தை எங்கே நிறுத்துவது என்பதில் அவருக்கு இருந்த கண். எம்ப்ரஸும் சட்டமன்றமும் ஒன்றுக்கொன்று செங்கோணமாக, நடுவில் தண்ணீரை விட்டு நிற்கின்றன. கப்பலில் வருகிறவருக்கு இரண்டும் ஒரே பார்வையில் விழும். தனித்தனியாக எடுத்தால் இவற்றைவிட நல்ல கட்டடங்கள் கனடாவில் இருக்கலாம். ஒரு துறைமுகத்தையே வரவேற்பறை மாதிரி அமைத்தவர்கள் அங்கே அதிகம் பேர் இல்லை.

இவ்வளவு உயர்ந்தவர் எப்படி வீழ்ந்தார்?

பிரின்ஸ் ரூப்பர்ட் என்ற பெயரோடுதான் அந்தக் கதை போகிறது. வடக்கே பசிபிக் கரையில் புது ரயில்பாதையின் முடிவாக அந்தத் துறைமுகத்தை கிராண்ட் டிரங்க் பசிபிக் உருவாக்கிக்கொண்டிருந்தது. இன்னொரு வான்கூவர் ஆகும் என்று பேச்சு. அங்கே பிரம்மாண்டமான ஹோட்டலும் ரயில் நிலையமும் வரைந்து கொடுக்கிற வேலை ராட்டன்பரிக்கு. வரைந்ததோடு நிற்காமல், அந்த ரயில் போகிற வழியில் பல ஆயிரம் ஏக்கர் நிலத்தையும் வாங்கிப் போட்டார்.

கம்பெனியின் தலைவர் சார்லஸ் மெல்வில் ஹேஸ். திட்டத்தின் உயிர்நாடியே அவர்தான். 1912 ஏப்ரலில் இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது அவர் ஏறிய கப்பல் டைட்டானிக். அவர் திரும்பி வரவில்லை. 1914-ல் ரயில்பாதை என்னவோ முடிந்தது, ஆனால் சில மாதத்தில் முதல் உலகப்போர். குடியேற்றம் நின்றது, நிலத்தின் விலை விழுந்தது, 1919-ல் ரயில் கம்பெனியே நொடித்தது. ஹோட்டல் காகிதத்திலேயே தங்கிவிட்டது. சட்டமன்றத்துக்கு நூலகப் பகுதியைச் சேர்க்கும் வேலை 1915 வாக்கில் முடிந்த பிறகு, அவர் மேசையில் பெரிதாக எதுவும் இல்லை. அப்போது அவருக்கு 50 வயதுகூட ஆகவில்லை.

அதற்குப் பிறகு எதுவுமே கட்டவில்லையா?

கட்டினார். பெர்சி லெனர்ட் ஜேம்ஸ் என்பவரோடு சேர்ந்து இரண்டு. 1924-ல் சட்டமன்றத்துக்கு எதிரே தண்ணீரோரமாகக் கப்பல் நிலையம், 1925-ல் எம்ப்ரஸுக்குப் பின்னால் கிரிஸ்டல் கார்டன். பின்னது கண்ணாடிக் கூரை போட்ட பெரிய நீச்சல் மண்டபம், வெந்நீராக்கிய கடல்நீரில் குளிக்கலாம். இரண்டையும் அவருடையது என்று மட்டும் சொல்வது ஜேம்ஸுக்குச் செய்கிற அநியாயம்.

கொலை பற்றிச் சொல்லவே மாட்டீர்களா?

சொல்கிறேன், சுருக்கமாக. 1923 கடைசியில் ஆல்மா பாக்கன்ஹாம் என்ற பியானோக் கலைஞரை எம்ப்ரஸில் சந்தித்தார். அவரைவிட மிகவும் இளையவர். ராட்டன்பரி மனைவி ஃபுளோரன்ஸை விட்டு விலகிய விதம் நல்லதாக இல்லை, ஊர் அவரை ஒதுக்கியது சும்மா இல்லை. 1925-ல் விவாகரத்து, ஆல்மாவோடு கல்யாணம். சில வருடத்தில் இங்கிலாந்து திரும்பி போர்ன்மத் என்ற கடற்கரை ஊரில் குடியேறினார்கள். 1935 மார்ச்சில் வீட்டில் உட்கார்ந்திருந்த ராட்டன்பரியை ஒருவர் தலையில் அடித்தார், நாலு நாளில் ராட்டன்பரி இறந்துபோனார். வீட்டுக் கார் ஓட்டுநரான 18 வயது ஜார்ஜ் ஸ்டோனருக்கு மரண தண்டனை விதித்து, பிறகு ஆயுளாகக் குறைத்து, 1942-ல் விடுவித்தார்கள். அதே வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஆல்மா விடுதலையானார். ஆனால் சில நாட்களிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார்.

இங்கிலாந்துப் பத்திரிகைகள் இந்த வழக்கை மாதக்கணக்கில் எழுதின. அவற்றைப் படித்தவர்களுக்கு ராட்டன்பரி என்றால் கொலையுண்ட கிழவர், அவ்வளவுதான். போர்ன்மத்தில் அவர் கல்லறைக்கு 2007 வரை பெயர்க்கல்கூட இல்லை. கல்லில் ஊரையே கட்டிய மனுஷனுக்கு 72 வருடம் ஒரு கல் கிடைக்கவில்லை என்பது எனக்கு ஆறவே ஆறாத விஷயம்.

விக்டோரியா போனால் எங்கிருந்து தொடங்குவது?

கவர்ன்மென்ட் தெருவில் தெற்கு நோக்கி நடங்கள். முதலில் பழைய பாங்க் ஆஃப் மான்ட்ரியல், அதன் கூரை விளிம்பை அண்ணாந்து பாருங்கள். இன்னும் கொஞ்ச தூரத்தில் வலப்பக்கம் துறைமுகம் திறக்கும், இடப்பக்கம் எம்ப்ரஸ். நேரே சட்டமன்றம். உள்ளே சுற்றிக் காட்டக் கட்டணம் கிடையாது, கட்டாயம் போங்கள். வெளியே வந்து பெல்வில் தெருவைக் கடந்தால் கப்பல் நிலையம். அதன் சுவரில் தாடியோடு ஒரு கடல்தேவன் முகம் செதுக்கியிருக்கும். சாயங்காலம் வரை நேரம் இருந்தால் அந்தப் பக்கமே தண்ணீரோரம் உட்கார்ந்திருங்கள், விளக்கு போடுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம்.